நோயாளி பெயர்: சத்யாவின் ஆண் குழந்தை

நார்த்தாமலைப் பக்கத்து ஊர்களில் பிள்ளை பிறந்தால் சேனை வைக்காமல் விடமாட்டார்கள். பெரிய காரியமொன்றும் இல்லை. சர்க்கரைத் தண்ணீரை விரலில் தொட்டுப் பிறந்த பிள்ளையின் நாக்கில் தடவ வேண்டும், அவ்வளவுதான். ஆனால் யார் தடவுகிறது என்பதில்தான் இருக்கிறது சங்கதி. சேனை வைத்தவர் குணம் பிள்ளைக்கு வரும் என்று அங்கே ஒரு நம்பிக்கை. அதனால் குடிகாரன், கோள்மூட்டி, கோர்ட்டு கேஸ் என்று அலைகிறவன் எல்லாரையும் கழித்துவிட்டு மிச்சமிருக்கிறவர்களில் ஒருவரைக் கையைப் பிடித்து இழுத்துவருவார்கள்.

மலையாண்டிக்கு நாற்பத்திரண்டு வயது. ஊரில் அதுவரை எத்தனையோ பிள்ளை பிறந்தாகிவிட்டது, ஒருத்தர்கூட அவனைச் சேனைக்குக் கூப்பிட்டதில்லை. அவன் கெட்டவனெல்லாம் இல்லை. ஷாமியானா, நாற்காலி, பாத்திரம் வாடகைக்கு விடுகிறவன். விசேஷம் முடிந்து கரண்டி குறைந்தால் மட்டும் கல்யாண வீடென்றும் பார்க்காமல் கத்திவிடுவான். அந்த ஒரு குணத்துக்குப் பயந்தே ஊர் அவனை ஒதுக்கி வைத்திருந்தது.

கொரோனா இரண்டாம் அலை அடித்துக்கொண்டிருந்த அந்த மே மாதத்தில் அவன் தங்கச்சி சத்யாவுக்கு, கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து, ஆண் குழந்தை பிறந்தது. புருஷன் அருண்குமார் சிங்கப்பூரில் மாட்டிக்கொண்டான், பிளைட் இல்லை. பிரசவத்துக்குத் துணையாக மலையாண்டியின் பெண்டாட்டி வனிதாதான் நாலு நாளாக ஆஸ்பத்திரியில் கிடந்தாள். சத்யா போன் போட்டு, "அண்ணே, நீதான் வந்து சேனை வைக்கணும்" என்றாள். மலையாண்டி கடையில் நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்து அழுதே விட்டான்.

அழுது முடித்து மூக்கைத் துடைத்தபோதுதான் ஞாபகம் வந்தது, அவனுக்கு இரண்டு நாளாக மேலு சுட்டுக்கொண்டிருந்தது.

காய்ச்சல் வந்த வழி அவனுக்குத் தெரியும். போன வாரம் திருமயம் பக்கம் ஒரு கல்யாணம். ஐம்பது பேருக்குத்தான் கவர்மென்ட் அனுமதி. ஐந்நூறு நாற்காலி கேட்டார்கள். "மிச்சம் நானூத்தம்பது எதுக்குங்க?" என்று மலையாண்டி கேட்டதற்கு, "சமூக இடைவெளிக்குத்தான்" என்றார் பெண்ணின் அப்பா. அந்த இடைவெளி முழுக்க ஆள் உட்கார்ந்திருந்தது. பந்தலைப் பிரித்துக்கொண்டு வந்த மூன்றாம் நாள் உடம்பு அசந்துபோய்ச் சுட்டது. அடுத்த நாள் மூக்கில் வாசனை நின்றுபோனது.

போகாமல் இருந்திருக்கலாம். யார் இல்லையென்றது? ஆனால் நாற்பத்திரண்டு வருஷத்தில் முதன்முதலாக ஒருத்தர், அதுவும் கூடப்பிறந்தவள், "உன் குணம் என் பிள்ளைக்கு வரட்டும்" என்று கூப்பிடுகிறாள். ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு பைக்கை எடுத்தான்.

ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம், கேஸ் போடுவார்கள். கேட்டில் வாட்ச்மேன் நெற்றிக்கு நேரே துப்பாக்கியை நீட்டினார். அது ஒரு வாரமாக எல்லாருக்கும் தொண்ணூற்றொரு டிகிரிதான் காட்டிக்கொண்டிருந்தது. நிஜமாகவே ஒருத்தனுக்குத் தொண்ணூற்றொன்று இருந்தால் அவனை வார்டுக்கு அனுப்பக் கூடாது, பிணவறைக்குத்தான் அனுப்ப வேண்டும். வாட்ச்மேன் நோட்டில் 'இயல்பு' என்று எழுதினார்.

"காய்ச்சல், இருமல் இருக்கா?"

"இல்லைங்க."

"வாசனை தெரியுதா?"

தரையெல்லாம் பினாயில் ஊற்றியிருந்தது. மலையாண்டிக்கு ஒன்றும் தெரியவில்லை. "தெரியுதுங்க" என்றான்.

பிரசவ வார்டில் 'சேனை இல்லாத மருத்துவமனை, நூறு சதவீதம் தாய்ப்பால்' என்று பெரிய போர்டு மாட்டியிருந்தது. அதற்கு நேர் கீழேதான் சத்யாவின் கட்டில். நர்ஸ் ரஞ்சிதா வந்து, "சேனை கீனைன்னு எதையாச்சும் பிள்ளை வாயில வச்சீங்க, தொலைச்சுப்புடுவேன்" என்று அதட்டிவிட்டுப் போனாள். அவள் முதுகு மறைந்ததும் வனிதா தலையணை உறைக்குள்ளிருந்து சின்ன பாட்டிலை எடுத்தாள்.

மலையாண்டி சர்க்கரைத் தண்ணீரில் விரலை முக்கி, இனிப்பு சரியாக இருக்கிறதா என்று தன் நாக்கில் வைத்துப் பார்த்தான். பச்சைத் தண்ணீர்.

"சர்க்கரை போட்டியா?"

"மூணு ஸ்பூன் போட்டிருக்கேன். நாக்கு செத்துப்போச்சா ஒங்களுக்கு?"

அந்த இடத்தில் அவன் நின்றிருக்க வேண்டும். 'மேலு சுடுது தாயி, இன்னொரு நாளைக்கு வைக்கிறேன்' என்று சொல்ல எவ்வளவு நேரம் பிடிக்கும்? சத்யா பிள்ளையின் தலையை இரண்டு கையாலும் ஏந்தி அவன் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தாள். மலையாண்டி அதே விரலை மறுபடி முக்கிப் பிள்ளையின் நாக்கில் தடவினான். பிள்ளை விரலைக் கவ்விச் சப்பியது. "அம்மாடி, மாமனை விடமாட்டேங்குறானே!" என்று சத்யா சிரித்தாள். மலையாண்டியும் சிரித்தான். பாவி, மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டுக்கொண்டு சிரித்தான்.

ஐந்தாம் நாள் பிள்ளைக்கு லேசாக உடம்பு சுட்டது. டெஸ்ட் எடுத்தார்கள். பிள்ளைக்குப் பாசிட்டிவ், தாய்க்கு நெகட்டிவ்.

அதோடு அந்தப் பிள்ளை ஒரு பிள்ளையாக இருப்பது நின்று நோயாளி ஆனது. கம்ப்யூட்டர் நோயாளியின் பெயர் கேட்டது. 'சத்யாவின் ஆண் குழந்தை' என்று போட்டார்கள். வயது கேட்டது. நாள் கணக்குப் போட அதில் வழியில்லை, ஐந்து என்று மட்டும் போட்டார்கள். தொழில் கேட்டது. 'மற்றவை' என்று போட்டார்கள். செல் நம்பர் இல்லாமல் அடுத்த பக்கம் திறக்காது என்றதும் மலையாண்டியின் நம்பரைக் கொடுத்தார்கள். சாயங்காலமே ஒரு பெண் கூப்பிட்டாள்.

"மனநல ஆலோசனை மையத்திலேருந்து பேசுறோம். சத்யாவின் ஆண் குழந்தைங்களா?"

"இல்லம்மா, நான் அவன் தாய்மாமன்."

"நோயாளிகிட்ட குடுங்க."

"அவன் பச்சப்புள்ளம்மா. பேச மாட்டான். அழுதுக்கிட்டுத்தான் இருக்கான்."

"அழுகுறாரா? ரொம்ப நேரமாவா?" அவள் எதையோ தட்டச்சு செய்கிற சத்தம் கேட்டது. "மன அழுத்தம்னு போட்டுக்கறேன். நல்ல பாட்டுக் கேக்கச் சொல்லுங்க, செய்தி பாக்க வேணாம்னு சொல்லுங்க."

பிள்ளையைக் கொரோனா வார்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். சத்யா தையல் வலியோடு பின்னாலேயே ஓடினாள். வாசலில் டூட்டி டாக்டர் மறித்தார்.

"நீங்க நெகட்டிவ்மா. உள்ள விட்டா பாசிட்டிவ் ஆயிருவீங்க."

"ஆயிட்டுப் போறேன் சார். பால் குடுக்கணும்ல?"

"பால் குடுக்கலாம்மா, தப்பே இல்லை. பிரிக்கவும் கூடாதுதான். ஆனா எங்களுக்கு வந்த சுற்றறிக்கையில தாய் பாசிட்டிவ்னா என்ன செய்யணும்னு ஒரு பக்கம் இருக்கு. சேய் பாசிட்டிவ், தாய் நெகட்டிவ்னா என்னங்கிற பக்கம் ஜெராக்ஸ்ல விட்டுப்போச்சு. கேட்டு எழுதியிருக்கோம். பதில் வாரவரைக்கும் விதி ஒண்ணுதான். உள்ள பாசிட்டிவ், வெளிய நெகட்டிவ்."

சத்யா லேபுக்குப் போய், "எனக்கும் பாசிட்டிவ்னு எழுதிக் குடுங்கண்ணே" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். மறுபடி எடுத்துப் பார்த்தார்கள், நெகட்டிவ். இன்னொரு தரம் எடுக்கச் சொல்லி அழுதாள், அதுவும் நெகட்டிவ். பத்தாவது பரீட்சையில் தவறிப்போன பிள்ளை மாதிரி அந்தச் சீட்டைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். மலையாண்டி பக்கத்தில் நின்றான். அவள் கேட்டுக் கிடைக்காத சாமான் அவன் தொண்டைக்குள் சும்மா கிடந்தது.

மறுநாள் சுகாதார ஆய்வாளர் ஆத்மநாதன் இருபத்திரண்டு கேள்வி அச்சடித்த தாளோடு வந்தார். நல்ல மனுஷன். எதையும் விடாமல் எழுதுகிறவர்.

"நோயாளி கடைசியா எங்கெங்க பயணம் பண்ணினாரு?"

"பிரசவ ரூம்லேருந்து வார்டுக்குங்க."

"எதுல?"

"நர்ஸம்மா கையில."

'நடந்து' என்ற கட்டத்தை அடித்துவிட்டுப் 'பிற வாகனம்' என்று டிக் போட்டார். "கடந்த பதினாலு நாள்ல யார் யாரைச் சந்திச்சாரு?"

"பொறந்தே ஆறு நாள்தாங்க ஆகுது."

"மிச்சம் எட்டு நாள்?"

"வயித்துக்குள்ள இருந்தானுங்க."

"கூட யாரும் இருந்தாங்களா?"

"யாரும் இல்லைங்க. தனியாத்தான் இருந்தான்."

ஆத்மநாதன் முகம் மலர்ந்தது. "எட்டு நாள் முறையாத் தனிமைப்படுத்திக்கிட்டிருக்காரு. இப்படி எல்லாரும் ஒத்துழைச்சா எனக்கு ஏன் பிளட் பிரஷர் வருது?"

மலையாண்டிக்கு அதற்குமேல் தாங்கவில்லை. "சார், எழுதிக்கங்க. எனக்குத்தான் காய்ச்சல் இருந்துச்சு. மறைச்சுட்டு உள்ள வந்தேன். என் வாயில வச்ச விரலால அவனுக்குச் சேனை வச்சேன். நான்தான் சார் குடுத்தேன்."

ஆத்மநாதன் பேனாவை மூடினார். சுற்றிலும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"யோவ், சத்தமாப் பேசாதய்யா. காய்ச்சல்காரன் கேட்டைத் தாண்டி வந்தான்னு எழுதச் சொல்றியா? போன வாரம்தான் இந்தக் கேட்டுக்குச் சிறந்த நுழைவாயில்னு கேடயம் குடுத்திருக்கு. சேனையா? நம்ம வட்டாரத்துல சேனை இல்லைன்னு ரெண்டு வருஷமா நான்தான் கையெழுத்துப் போட்டு அனுப்புறேன். இல்லாத சேனையை நீ எப்படி வச்ச?"

"வச்சேனே சார்."

"மொதல்ல போய் டெஸ்ட் எடு. பெறகு பேசலாம்."

எடுத்தான். பாசிட்டிவ். ஒரே தடவையில், எந்தச் சிபாரிசும் இல்லாமல் பாசிட்டிவ்.

நடந்த நியாயத்தைப் பாருங்கள். பால் கட்டிக்கொண்டு துடிக்கிற தாய்க்கு வெளியே காவல். நோயைக் கொண்டுவந்து கொடுத்தவனுக்கு உள்ளே, பிள்ளைக்குப் பக்கத்துக் கட்டில். பதினொன்றாம் நம்பர் மலையாண்டி. பன்னிரண்டாம் நம்பர், ஆறடிக் கட்டிலின் நடுவே ஒரு முழம் நீளத்துக்கு, சத்யாவின் ஆண் குழந்தை. தலையிலிருந்து கால்வரை உறை மாட்டிக்கொண்டிருந்த ரஞ்சிதா பிள்ளையைத் தூக்கி அவன் மடியில் போட்டாள். "மாமன்தானே? பிடிங்க. எனக்கு இன்னும் முப்பத்தெட்டுப் பேரு இருக்காங்க."

மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை சத்யா பீய்ச்சிக் கொடுத்த பால் டம்ளரில் வரும். வனிதா கேட்டுவரை கொண்டுவந்து கொடுப்பாள். மலையாண்டி பாலாடைச் சங்கில் ஊற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டுவான். கரண்டி எண்ணுகிற கை முதல் நாள் தடுமாறி, பாதி பால் கழுத்தில் வழிந்தது. மூன்றாம் நாளுக்குள் பழகிவிட்டது. பிள்ளைக்கும் பழகிவிட்டது. காய்ச்சல் இரண்டே நாளில் விட்டிருந்தது. பாலாடை உதட்டில் பட்டாலே வாயைத் திறந்துவிடுவான். சத்யா வெளியே ஜன்னலடியில் நிற்பாள். கண்ணாடியில் பாதிவரைக்கும் 'தாயையும் சேயையும் பிரிக்காதீர்' என்று ஒரு போஸ்டர் ஒட்டியிருந்ததால் எக்கி எக்கித்தான் பார்க்க முடிந்தது.

"நீ உள்ள இருக்கவும்தாண்ணே எனக்கு உசுரு நிக்குது" என்று போனில் சொன்னாள். "வேற யாரும்னா விட்டுட்டுப் படுத்திருப்பாக."

மலையாண்டி போனை வைத்துவிட்டுப் பாலாடையைக் கழுவப் போனான்.

அரசாங்கம் நோயாளிகளுக்குச் சாப்பாட்டில் குறை வைக்கவில்லை. பன்னிரண்டாம் நம்பருக்கும் தினம் இரண்டு அவித்த முட்டை, சுண்டல், பொங்கல், கபசுரக் குடிநீர் என்று எல்லாம் வந்தது. "இவனுக்குப் பல்லே இல்லைங்களே" என்று மலையாண்டி சொன்னதற்கு, "பல்லுக்குத் தனிக் கட்டம் இல்லைங்க. நோயாளிக்கு இத்தனைன்னு கணக்கு" என்றான் சாப்பாடு கொண்டுவந்தவன். வாங்கியதற்குக் கைநாட்டு வேண்டும் என்று பிள்ளையின் கட்டைவிரலில் மையைத் தடவி ஒற்றி எடுத்துக்கொண்டான். ஏழெட்டு நாளில் அந்த விரல் நீலம் பாரித்துப்போனது. வீணாக்கக் கூடாது என்று பிள்ளையின் பங்கையும் மலையாண்டியே தின்றான். நாக்கில் ருசி திரும்பியிருந்தது. அதுதான் கொடுமை.

பிள்ளை கொரோனா வார்டுக்கு வந்த ஒன்பதாம் நாள் ஆத்மநாதன் கதவுக்கு வெளியே நின்று அறிக்கையைப் படித்துக் காட்டினார். நோயாளிக்குத் தொற்று உறுதியானது திங்கட்கிழமை. மாமனுக்கு உறுதியானது புதன்கிழமை. ஆகவே, முதல் நோயாளி குழந்தை. முகக்கவசம் அணியாமலும் இடைவெளி பேணாமலும் இருந்த அன்னாரிடமிருந்து தாய்மாமனுக்குத் தொற்று பரவியது.

"அநியாயம் சார் இது. இவன் எனக்குக் குடுத்தானா?"

"தேதி அப்படித்தானே இருக்கு? மூலம் தெரியலைன்னு விட்டா பைல் மூடாது. பைல் மூடாம டிஸ்சார்ஜ் கெடையாது. கார்டியன்னு கையெழுத்துப் போடு. பிள்ளை தாயிகிட்டப் போகணுமா, வேணாமா?"

மலையாண்டி ஜன்னலைப் பார்த்தான். போஸ்டருக்கு மேலே சத்யாவின் நெற்றியும் கண்ணும் தெரிந்தன. கையெழுத்துப் போட்டான். பதிமூன்று நாள் பிள்ளை செய்யாத குற்றத்தை, செய்தவனே சாட்சி போட்டு உறுதிப்படுத்திய கதை அந்த ஆஸ்பத்திரியில்தான் நடந்தது.

அடுத்த நாளே பிள்ளைக்கு நெகட்டிவ் வந்தது. மாமனுக்கும் நெகட்டிவ். அனுப்பியிருக்க வேண்டியதுதானே? மக்கள் தொடர்பு அதிகாரி உடையப்பனுக்கு அப்போதுதான் யோசனை உதித்தது. மாவட்டத்திலேயே வயது குறைந்த கொரோனா வெற்றியாளர்! சும்மா அனுப்பினால் எப்படி? பெரியவர் ஒருவரை அழைத்து விழா எடுக்க வேண்டும். பெரியவருக்கு நாலு நாள் கழித்துத்தான் தேதி இருந்தது. தாயும் நெகட்டிவ், சேயும் நெகட்டிவ், இரண்டு பேருக்கும் நடுவே விழா.

அந்த நாலு நாளில் டம்ளர் குறைந்துகொண்டே வந்தது. முதலில் முக்கால் டம்ளர். அப்புறம் பாதி. மூன்றாம் நாள் இரண்டு விரல் உயரம். "பிள்ளை வாய் வச்சாத்தானே ஊறும்? அவ என்ன பண்ணுவா, பிழிஞ்சு பிழிஞ்சு அழுகுறா" என்று வனிதா போனில் திட்டினாள். குறைந்ததற்குப் பவுடர் பால் கரைத்துக் கொடுத்தார்கள். மலையாண்டி பிள்ளையின் முகத்தைப் பார்க்காமலே புகட்டினான்.

விழாவுக்கு ஷாமியானா போட்டார்கள். நாற்காலியின் முதுகில் எல்லாம் 'மலையாண்டி ஷாமியானா' என்று எழுதியிருந்தது. அவசரத்துக்குக் கடையைத் திறந்து எடுத்து வந்தார்களாம். ரசீதில் 'நோயாளியின் உறவினர் அன்பளிப்பு' என்று இருந்தது. பெரியவர் கடைசிவரை வரவில்லை, வேறொரு திறப்பு விழாவில் மாட்டிக்கொண்டாராம். உடையப்பனே மைக்கைப் பிடித்தார்.

"இங்கே நானூறு பேர் திரண்டிருக்கிறோம். கூட்டம் கூடாதீர்கள் என்பதை இத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் சொல்ல வேறு வழியில்லை. இந்தக் குழந்தை பதினான்கு நாளில் இருபத்தெட்டு முட்டை சாப்பிட்டு முடித்திருக்கிறார். அத்தனைக்கும் கைநாட்டு இருக்கிறது! தாயைப் பிரிந்தபோதும் ஒரு வார்த்தை குறை சொன்னாரா? ஒரு மனு கொடுத்தாரா? ஒரு வீடியோ எடுத்துப் போட்டாரா? இப்படிப்பட்ட நோயாளிகள் இருந்தால் எந்த நிர்வாகமும் சிறப்பாக நடக்கும்!"

கைதட்டல் அடங்கியதும், நன்றி சொல்ல மலையாண்டியைக் கூப்பிட்டார். பிள்ளையை ஏந்திக்கொண்டு போய் நின்றான். முன்வரிசையில் அவனுடைய நாற்காலி ஒன்றில் சத்யா இரண்டு கையையும் நீட்டியபடியே உட்கார்ந்திருந்தாள்.

"நன்றி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லைங்க" என்றான். "இந்தப் பிள்ளை யாருக்கும் ஒண்ணும் பரப்பலை. காய்ச்சலை மறைச்சுக்கிட்டு வந்து இவனுக்குக் குடுத்தவன் நான்தான். பொய்க் கையெழுத்துப் போட்டவனும் நான்தான். என்னைத் தண்டிங்க."

ஆத்மநாதன் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். உடையப்பன் அசரவில்லை. மைக்கை மெல்ல வாங்கி, மலையாண்டியின் தோளில் கையைப் போட்டார்.

"பார்த்தீர்களா? மருமகன் செய்த பிழையைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறார் ஒரு மாமன்! தாய்மாமன் உறவின் பெருமையை இதற்குமேல் யார் சொல்ல முடியும்?" என்று சொல்லித் தன் தோளில் கிடந்த சால்வையை எடுத்து அவனுக்குப் போர்த்தினார். நானூறு பேரும் எழுந்து நின்று தட்டினார்கள். முன்வரிசைக் கிழவர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தட்டாதவள் சத்யா ஒருத்திதான்.

ஆட்டோ நார்த்தாமலை நோக்கிப் போனது. சத்யா முந்தானையை இழுத்துவிட்டுப் பிள்ளையை மார்பில் சேர்த்தாள். அவன் வாய் வைத்தான், விட்டான். முகத்தைத் திருப்பிக்கொண்டு கத்தினான். இந்தப் பக்கம் மாற்றினாள், அந்தப் பக்கம் மாற்றினாள், தட்டிக் கொடுத்தாள், "ஆத்தாடா, ஒன் ஆத்தாடா" என்று கெஞ்சினாள். பிள்ளை உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு அலறியது.

"மேலு சுடுதுன்னு தெரிஞ்சேதான் வச்சியாண்ணே?"

ஆத்மநாதனின் இருபத்திரண்டு கேள்வியிலும் இல்லாத கேள்வி. இரண்டு வாரத்தில் அவனைச் சரியாகக் கேட்டவள் அவள் ஒருத்திதான்.

"தெரிஞ்சுதான் தாயி" என்றான் மலையாண்டி.

பிள்ளையின் தொண்டை கம்ம ஆரம்பித்தது. சத்யா பையைத் துழாவிப் பாலாடையையும் பவுடர் பால் பாட்டிலையும் எடுத்தாள். பிள்ளையைத் தூக்கி அவன் மடியில் வைத்தாள்.

"குடு. ஒன் கைதான் அவனுக்குத் தெரியுது."

சால்வை நழுவி ஆட்டோத் தரையில் விழுந்தது. மலையாண்டி பாலாடையை உதட்டில் வைத்தான். பிள்ளை டக்கென்று அழுகையை நிறுத்திவிட்டு மடக் மடக்கென்று குடித்தான். சத்யா மறுபக்கம் திரும்பிக்கொண்டாள்.